பதினோரு குரல்கள்: தம்பு செட்டித் தெருவில் வாய்ஸ்மெயிலை மெயிலோடு இணைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆம்பூரிலிருந்து அந்த போன் வந்தது ஒரு புதன்கிழமை காலை. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம். தோல் பதனிடும் ஆலைகளுக்கு ரசாயனம் இறக்குமதி செய்யும் வாடிக்கையாளர் பேசினார். "சனிக்கிழமை சாயந்திரமே சொல்லிட்டேனே, டெலக்ஸ் ரிலீஸ் வந்துடுச்சு, திங்கட்கிழமை முதல் வேலையா டி.ஓ. எடுத்துடுங்கன்னு. உங்க மிஷின்ல ஒரு நிமிஷம் நின்னு பேசினேன். இன்னும் கண்டெய்னர் உள்ளேயே நிக்குதுன்னா என்ன அர்த்தம்?"

சென்னையில் காளிகாம்பாள் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில், மாடியில் இரண்டு அறைகளில் இயங்கும், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் அலுவலகம் அது. டெலக்ஸ் ரிலீஸ் என்பது அசல் பத்திரம் வராமலே சரக்கைக் கொடுக்கலாம் என்ற அனுமதி. டி.ஓ. என்பது அதை வைத்து ஷிப்பிங் லைனிடம் வாங்கும் டெலிவரி ஆர்டர். அங்கே யாருக்கும் அந்தத் தகவல் வந்திருக்கவில்லை. மேனேஜரின் மேஜை போனில் சிவப்பு விளக்கு எரியவில்லை. மெயிலில் எதுவும் இல்லை. ஸ்பாம் பெட்டியையும் துழாவிவிட்டார்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டெலிவரி ஆர்டர் எடுக்காமல் போனதில் ஷிப்பிங் லைனுக்குக் கட்ட வேண்டிய டிட்டென்ஷன் என்ற கண்டெய்னர் தாமதக் கட்டணமும், சி.எஃப்.எஸ். என்ற கண்டெய்னர் நிலையத்தின் தரை வாடகையும் ஏறி நின்றன.

அந்த அலுவலகத்தின் போன் அமைப்பைப் பொருத்தியவன் நான். வாய்ஸ்மெயிலை மெயிலோடு இணைத்ததும் நான்தான். அதனால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் என்னுடையது. சின்ன அலுவலகங்களுக்கு இதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்கு உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எதற்காக இணைத்தோம்

கிளியரிங் வேலையில் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஜி கார்டு என்ற சுங்க அனுமதி அட்டை வைத்திருப்பவர் ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் அவுஸில் இருப்பார். துறைமுக வேலையைப் பார்க்கும் வார்ஃப் கிளார்க்குகளில் ஒருவர் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில், இன்னொருவர் திருவொற்றியூர் பக்கமோ மணலி பக்கமோ ஏதாவது ஒரு சி.எஃப்.எஸ்.ஸில். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் நாளில் யார் எப்போது திரும்புவார்கள் என்று சொல்லவே முடியாது. வாடிக்கையாளர்களோ பழைய ஆட்கள். விசிட்டிங் கார்டில் இருக்கும் லேண்ட்லைனுக்குத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் தங்கள் ஆலையில் அன்றைய கணக்கு முடிந்த பிறகு, சாயந்திரம் ஆறரை ஏழு மணிக்கு மேல்.

முன்பு இருந்த ஏற்பாடு இதுதான்: யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போகும். மேஜை போனில் விளக்கு எரியும். மறுநாள் காலை மேனேஜர் வந்து, ஸ்டாரும் 97-ம் அழுத்தி, ரகசிய எண்ணைத் தட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டு, நோட்டில் எழுதி, ஆட்களுக்குச் சொல்வார். அதற்குள் பத்தரை மணி ஆகிவிடும். அந்தக் குரல் பதிவு மெயிலில் இணைப்பாக வந்தால் கேட்டருகே நிற்கும் கிளார்க் கைபேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம். கேட்டது நியாயமான தேவை.

இந்த மாதிரி இணைப்பு புது யோசனை ஒன்றும் கிடையாது. குரல் தகவல்களை இணைய மெயிலாகப் பரிமாறிக்கொள்வதற்கான வி.பி.ஐ.எம். என்ற நெறிமுறை 1996-லேயே வெளியானது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் 2007 சர்வரில் வாய்ஸ்மெயிலை உள்ளேயே வைத்துக் கொடுத்தது, பிறகு எக்ஸ்சேஞ்ச் 2019-ல் அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. நாங்கள் பயன்படுத்தியது ஆஸ்டெரிஸ்க். 1999-ல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய திறமூல போன் மென்பொருள். சின்னதாக ஒரு கம்ப்யூட்டர், அதில் லேண்ட்லைன்களைச் செருக நான்கு வாய் உள்ள ஒரு கார்டு, 12 உள் எண்கள். கம்பெனியின் மெயில் வெளியே ஒரு சேவையில், சொந்த டொமைன் பெயரில் இருந்தது.

வேலை செய்யும் விதம்

அழைத்தவர் பேசி முடித்ததும் ஆஸ்டெரிஸ்க் இரண்டு கோப்புகளை வட்டில் எழுதும். ஒன்று குரல். இன்னொன்று அழைத்த எண், நேரம், நீளம் ஆகியவை உள்ள சிறிய உரைக்கோப்பு. பிறகு குரலை இணைத்து ஒரு மெயிலைத் தயார் செய்து, அதே கம்ப்யூட்டரில் உள்ள மெயில் அனுப்பும் நிரலிடம் கொடுக்கும். எங்களிடம் அது போஸ்ட்ஃபிக்ஸ். அதை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பது போஸ்ட்ஃபிக்ஸின் வேலை.

வாய்ஸ்மெயில் அமைப்புக் கோப்பில் 'டெலீட்' என்று ஒரு வரி உண்டு. அதை 'யெஸ்' என்று வைத்தால் மெயில் போனதும் வட்டில் உள்ள குரல் அழிக்கப்படும். அதை 'யெஸ்' என்று வைத்தது நான். காரணம் அந்தச் சிவப்பு விளக்கு. கிளார்க் ராத்திரியே மெயிலில் கேட்டு, வாடிக்கையாளரோடு பேசி முடித்திருப்பார். ஆனாலும் காலையில் மேஜை போனில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மேனேஜர் அதே தகவலை மறுபடி கேட்டு, மறுபடி அதே ஆளைக் கூப்பிடுவார். "நேத்தே உங்க பையன் பேசிட்டாருங்களே" என்ற பதில் வரும். இரண்டு வாரம் இது நடந்ததும் எல்லோருக்கும் சலித்துவிட்டது. டெலீட் வரியை மாற்றினேன், விளக்குத் தொல்லை ஒழிந்தது. ஏழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

தேடிய நாள்

புதன்கிழமை மதியம் போய் உட்கார்ந்தேன். போன் பதிவேட்டில் ஆம்பூர் அழைப்பு இருந்தது. சனிக்கிழமை மாலை 6:42, பெட்டி 201, நீளம் 1 நிமிடம் 4 விநாடி. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. குரல் கோப்பு வட்டில் இல்லை. மெயில் பதிவேட்டில் அந்த நேரத்துக்கான வரிகளைத் தேடினேன். எதிர்முனை சர்வர் மூன்றே விநாடியில் திருப்பி அனுப்பியிருந்தது: 550.

மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் எஸ்.எம்.டி.பி. முறையில் 2-ல் தொடங்கும் எண் வந்தால் வாங்கிக்கொண்டேன் என்று பொருள். 4-ல் தொடங்கினால் இப்போது முடியவில்லை, பிறகு வா. 5-ல் தொடங்கினால் முடியாது, திரும்ப வராதே. 1982-ல் எழுதப்பட்ட அந்த ஒழுங்கு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஏன் 550? வெள்ளிக்கிழமை சாயந்திரம் இடி மழையில் ரௌட்டர் பழுதாகியிருக்கிறது. இணைப்பு கொடுப்பவர்களின் ஆள் வந்து வேறு பெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பழைய பெட்டியில் இருந்த நிலையான ஐ.பி. முகவரி புதியதில் அமைக்கப்படவில்லை. இன்டர்நெட் வந்துவிட்டது, எல்லோரும் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் எங்கள் போன் கம்ப்யூட்டரின் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று டொமைனில் நாங்கள் வெளியிட்டிருந்த எஸ்.பி.எஃப். அறிவிப்பில் இருந்தது பழைய முகவரி. அதைத் தவிர வேறு யார் அனுப்பினாலும் தள்ளிவிடு என்றும் அதில் எழுதியிருந்தது. நாங்கள் எழுதி வைத்த கட்டளையை எதிர்முனை சரியாக நிறைவேற்றியது.

வெள்ளி மாலையிலிருந்து புதன் மதியம் வரை மொத்தம் 11 வாய்ஸ்மெயில்கள். பதினொன்றும் 550.

அலுவலகத்தில் ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று கேட்டேன். டாக்குமெண்டேஷன் பார்க்கும் அம்மா சொன்ன பதில் மனதில் நின்றுவிட்டது: "மழையாச்சே சார், யாரும் கூப்பிடலன்னு நெனச்சோம்." யாரும் கூப்பிடாமல் இருப்பதும், கூப்பிட்டது வந்து சேராமல் இருப்பதும் மெயில் பெட்டியைப் பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அந்த வித்தியாசத்தைக் காட்டும் ஏற்பாடு ஒன்றை நான் செய்து கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை.

திரும்பி வந்த மெயில்கள் எங்கே போயின

550 வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் சும்மா இருக்காது. மெயிலை அனுப்பியவருக்கு 'போய்ச் சேரவில்லை' என்று ஒரு பவுன்ஸ் எழுதும். அனுப்பியவர் யார் என்பதுதான் இங்கே சிக்கல். தபாலில் கடிதத்தின் தலைப்பில் ஒரு முகவரியும் உறையின் மேல் ஒரு முகவரியும் இருப்பது போல மெயிலுக்கும் இரண்டு உண்டு. தலைப்பில் கம்பெனியின் அழகான முகவரியை வைத்திருந்தேன். உறையின் மேல் எதையும் சொல்லாததால், ஆஸ்டெரிஸ்க் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அதுவே போய்விட்டது. பவுன்ஸ் உறையைப் பார்த்துத்தான் திரும்பும். ஆகவே பதினொன்றும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, ஒரு மனிதரும் திறக்காத உள்ளூர் அஞ்சல் கோப்பில் போய் விழுந்திருந்தன.

கோப்பைத் திறந்தேன். முதல் பவுன்ஸில் மூல மெயில் முழுதாக இருந்தது, குரலும் கூடவே. பிரித்தெடுத்து ஓட்டினேன். ராயபுரத்திலிருந்து ஒரு டிரான்ஸ்போர்ட்காரர், "அண்ணே, வண்டி நம்பர் மாறிடுச்சு, கூப்பிடுங்க," 14 விநாடி. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அப்போ எல்லாம் கெடைச்சிடுமா தம்பி?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்ததில் குரல் இல்லை, தலைப்பு வரிகள் மட்டும். அதற்கடுத்ததும் அப்படியே. பிறகுதான் உறைத்தது. போஸ்ட்ஃபிக்ஸ் பவுன்ஸ் எழுதும்போது மூல மெயில் 50,000 பைட்டுக்குள் இருந்தால் முழுதாகச் சேர்க்கும், தாண்டினால் தலைப்பு வரிகளை மட்டும் சேர்க்கும். யாரும் மாற்றாவிட்டால் இதுதான் அளவு. எங்கள் குரல் கோப்பு அலைபேசிகளின் ஜி.எஸ்.எம். முறையில் சுருக்கப்பட்டது, விநாடிக்கு 1,625 பைட். மெயிலில் இணைக்கும்போது எழுத்துகளாக மாற்ற வேண்டியிருப்பதால் மூன்றில் ஒரு பங்கு கூடும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 22 விநாடிக்குள் பேசியவர்களின் குரல் மட்டும் பிழைக்கும்.

பதினொன்றில் நான்கு பிழைத்தன. மீதி ஏழும் தலைப்பாக மட்டும் மிஞ்சின. ஆம்பூர்க்காரர் நிதானமாக, விவரமாக, கண்டெய்னர் எண்ணை இரண்டு தரம் சொல்லிப் பேசியிருப்பார். அதனாலேயே அவர் குரல் போய்விட்டது. நல்ல வேளையாக மெயிலின் சப்ஜெக்ட் வரியில் அழைத்த எண்ணும் நீளமும் வரும்படி ஆரம்பத்தில் எழுதியிருந்தேன். ஏழு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, என்ன சொன்னார்கள் என்று திரும்ப வாங்கினார். இரண்டு பேருக்கு என்ன பேசினோம் என்றே நினைவில்லை.

அன்று மாலை டீ குடிக்கும்போது மேனேஜர் சொன்னார்: "தம்பி, கண்டெய்னர் போர்ட் கேட்டைத் தாண்டிடுச்சுன்னு நாங்க ஃபைலை மூடறதில்ல. பார்ட்டி கோடவுன்ல இறக்கி, சீல் வெச்சு கையெழுத்துப் போட்ட காப்பி வந்தாத்தான் மூடுவோம். நீங்க கேட்டுலயே மூடிட்டீங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. தன் தொழிலில் தினமும் செய்வதைச் சொன்னார். அதைவிடச் சரியாக இந்தக் கோளாறை என்னால் சொல்ல முடியாது. ஆஸ்டெரிஸ்க் மெயிலை அனுப்பும் நிரலைப் பின்னணியில் ஓடவிடுகிறது. அது என்ன பதில் சொன்னது என்று காத்திருந்து பார்ப்பதில்லை. டெலீட் வரி 'யெஸ்' என்றால் உடனே குரலை அழிக்கிறது. 250 என்ற பதில் எதிர்முனையிலிருந்து வருவதற்குள் நம்மிடம் இருந்த ஒரே பிரதி போய்விடுகிறது.

மாற்றியவை

டெலீட் வரியை அன்றைக்கே 'நோ' ஆக்கினேன்.

அடுத்தது அனுப்பும் வழி. நேரடியாக எதிர்முனை சர்வரின் 25-ஆம் போர்ட்டைத் தட்டுவதை விட்டுவிட்டேன். நிலையான ஐ.பி. இருக்கும்வரை அது ஓடும். மாறிவிட்டால் இந்தக் கதிதான். வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கப்படும் மாறும் முகவரிகளிலிருந்து நேராக வரும் மெயிலைப் பல சர்வர்கள் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுகின்றன. இப்போது போஸ்ட்ஃபிக்ஸ் கம்பெனியின் மெயில் சேவைக்கே 587-ஆம் போர்ட்டில், மறையாக்கத்தோடு, தனக்கென்று ஒரு கணக்கின் பெயரில் உள்நுழைந்து கொடுக்கிறது. அதற்கென்றே ஒரு மெயில் முகவரி திறந்தோம். தலைப்பிலும் உறையிலும் அதே முகவரி. ரௌட்டரை யார் மாற்றினாலும், எந்த ஐ.பி. வந்தாலும், கடைசியில் மெயில் கிளம்புவது சேவையின் சொந்த சர்வரிலிருந்து. ஆகவே எஸ்.பி.எஃப்.பும், மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டி.கே.ஐ.எம். கையொப்பமும் பொருந்தும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள், யாஹூ போன்றவை அனுப்புபவர் அடையாளத்தை முன்னைவிடக் கறாராகப் பார்க்கின்றன, இனி இந்த வழிதான் நிலைக்கும். சாதாரண பாஸ்வேர்டை இப்போது பல சேவைகள் ஏற்பதில்லை. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, இந்தக் கம்ப்யூட்டருக்கென்று தனி ஆப் பாஸ்வேர்ட் எடுத்தேன். நாளைக்கு யாராவது முக்கிய பாஸ்வேர்டை மாற்றினால் இதுவும் செத்துப்போகலாம் என்பதை மேனேஜரின் நோட்டிலேயே எழுதிவைத்தேன்.

பவுன்ஸ்கள் இப்போது மேனேஜரும் அந்த அம்மாவும் பார்க்கும் பெட்டிக்கு வருகின்றன. 4-ல் தொடங்கும் தற்காலிக மறுப்புகளை போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். அதுவரை யாருக்கும் வாயைத் திறக்காது. தாமத எச்சரிக்கை நேரம் என்ற அமைப்பு இயல்பாக அணைந்திருக்கும். அதை 1 மணி நேரம் என்று வைத்தேன்.

சரி, பழைய விளக்குப் பிரச்சினை? டெலீட்டை அணைத்ததும் அது திரும்ப வந்துவிடுமே.

இதற்கு ஒரு பாடப்புத்தக விடை உண்டு. ஆஸ்டெரிஸ்க் குரலை வட்டில் வைக்காமல் நேராக மெயில் சர்வரின் ஐ-மேப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லலாம். மெயிலைப் படித்தால் விளக்கு அணையும், விளக்கு வழியாகக் கேட்டால் மெயில் படித்ததாகும். ஒரே பிரதி, ஒரே நிலை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இணைய இணைப்பு போனால் அழைத்தவரின் குரலை வைக்கவே இடம் இருக்காது. மழைக்காலத்தில் வட சென்னையில் இணைப்பு எத்தனை முறை போகும் என்று எனக்குத் தெரியும். எது அறுந்தாலும் குரல் முதலில் அந்த அறைக்குள் இருக்கும் வட்டில் விழ வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆகவே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். குரல் வட்டிலேயே இருக்கும், விளக்கும் எரியும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட், குரல் மெயில்கள் வந்து சேரும் பொது மெயில் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும். ஒரு மெயில் படிக்கப்பட்டிருந்தால், அதற்குரிய குரலைப் 'புதியவை' அடைவிலிருந்து 'பழையவை' அடைவுக்கு நகர்த்தும். விளக்கு அணையும். 'பழையவை' 30 நாள் கழித்தே அழியும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது: ஆஸ்டெரிஸ்க்குக்கு வெளியே இருந்து அடைவுகளை நாம் மாற்றினால் அது அதைக் கவனிக்காது. பெட்டிகளைத் தானாகவே இடையிடையே போய்ப் பார்க்கச் சொல்லும் 'போல் மெயில்பாக்ஸஸ்' அமைப்பை இயக்க வேண்டும். அது தெரியாமல் அரை நாள் விளக்கு அணையவே மாட்டேன் என்று நின்றது.

முதல் வாரத்திலேயே இதில் ஓட்டை தெரிந்தது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் கிளார்க் மெயிலைத் தொட்டுவிடுவார், சத்தத்தில் சரியாகக் கேட்காது, அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார். மெயில் படித்ததாகிவிடும், அலுவலகத்தில் விளக்கும் அணைந்துவிடும், வேலை மட்டும் நடந்திருக்காது. இரண்டு தகவல்கள் இப்படி நின்றுபோயின. அதன்பின் விதியை மாற்றினோம். வாடிக்கையாளரோடு பேசி முடித்தவர்தான் மெயிலில் நட்சத்திரம் இட வேண்டும். ஸ்கிரிப்ட் நட்சத்திரத்தை மட்டுமே பார்க்கும். விளக்கு எரிந்தால் அந்த வேலை இன்னும் பாக்கி என்று பொருள். இதை அவர்களுக்கு விளக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

கூடவே கிடைத்த மற்றொரு நோய்

பதிவேட்டை அலசும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சரியாக 3 நிமிடம் நீளமுள்ள தகவல்கள் நிறைய. 3 நிமிடம் என்பது நான் வைத்திருந்த உச்ச வரம்பு. ஒன்றைக் கேட்டேன். எட்டு விநாடி பேச்சு, "சரிங்க, வெச்சிடறேன்." அதன்பின் டூ, டூ, டூ என்று மீதி நேரம் முழுக்க.

பழைய செம்புக் கம்பி லைன்களில் எதிர்முனை போனை வைத்துவிட்டால் நம் பெட்டிக்கு அது தெளிவாகத் தெரிவதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பிஸி டோனை அனுப்பும், அவ்வளவுதான். 10 விநாடி அமைதியாக இருந்தால் பதிவை நிறுத்து என்று வைத்திருந்தேன். ஆனால் டோன் அமைதி கிடையாதே, சத்தம்தானே. அதனால் பதிவு நிற்கவில்லை. 8 விநாடித் தகவல் 3 நிமிடமாக வீங்கி, மெயிலையும் வீங்கவைத்து, கேட்டில் நிற்கும் கிளார்க்கின் டேட்டாவையும் பொறுமையையும் தின்றது. முன்னே சொன்ன 22 விநாடிக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். உண்மையில் குட்டியாகப் பேசிய சிலரின் குரலும் இந்த டூ டூவால்தான் 50,000 பைட்டைத் தாண்டி அழிந்திருக்கிறது.

இந்தியாவில் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 விநாடி ஒலித்து 0.75 விநாடி அடங்கும். கார்டின் அமைப்பில் பிஸி டோனைக் கண்டறியும் வசதியை இயக்கி, 750 மில்லி விநாடி ஒலி, 750 அமைதி என்று நம் ஊர் அளவைக் கொடுத்து, நான்கு முறை தொடர்ந்து வந்தால் துண்டித்துவிடு என்றேன். வேறு நாட்டு அளவோடு வரும் அமைப்பை அப்படியே விட்டால் இது வேலை செய்யாது. பேச்சை டோன் என்று தவறாக நினைத்து நடுவில் வெட்டிவிடக்கூடாது என்பதால் இரண்டு நாள் ஒவ்வொரு பதிவையும் முழுதாகக் கேட்டேன். வெட்டவில்லை.

சின்ன விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாளியின் ஐபோனில் குரல் ஓடவில்லை. சுருக்கிய ஜி.எஸ்.எம். கோப்பை அது ஏற்காததுதான் காரணம். சுருக்காத சாதாரண வேவ் கோப்பாக மாற்றினேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்.பி., மெயிலில் 1.3 எம்.பி. டூ டூ ஒழிந்துவிட்டதால் இது பாரமாகத் தெரியவில்லை. மெயிலில் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது, நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வைத்ததும் சரியானது. தமிழில் எழுதிய மெயில் வாசகம் கட்டங்கட்டமாக வந்தது. எழுத்துத் தொகுதி இயல்பாக ஐரோப்பிய மொழிகளுக்கானதாக இருந்தது, அதை யு.டி.எஃப்.-8 ஆக்கியபின் "201-க்குப் புதிய குரல் தகவல், நீளம் 0:48" என்று ஒழுங்காக வரத் தொடங்கியது. எல்லாப் பெட்டிகளின் ரகசிய எண்ணும் அந்தந்த உள் எண்ணாகவே இருந்தன. எல்லாவற்றையும் மாற்றவைத்தேன்.

மௌனத்தைச் சோதித்தல்

எல்லாம் முடிந்தபிறகும் அந்த அம்மா சொன்ன "யாரும் கூப்பிடலன்னு நெனச்சோம்" என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பவுன்ஸ் வரலாம், எச்சரிக்கை வரலாம். ஆனால் இணைப்பே செத்துப்போனால் எச்சரிக்கையும் மெயிலாகத்தானே வர வேண்டும்?

அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். தினமும் காலை 9 மணிக்கு ஆஸ்டெரிஸ்க் தனக்குத்தானே ஓர் அழைப்பு போட்டு, சோதனைப் பெட்டி ஒன்றில் ஒரு குரலை விட்டுவரும். அழைப்பு விவரத்தை ஒரு கோப்பாக எழுதி, வெளிச்செல்லும் அடைவில் போட்டால் போதும், அது தானே அழைக்கும். அந்தக் குரல் மற்ற எல்லாக் குரல்களும் போகும் அதே வழியில் மெயிலாகி, அதே பொதுப் பெட்டிக்கு வர வேண்டும். பதிவுக்கு அந்த அம்மாவே பேசினார்: "காலை வணக்கம். இது சோதனை. வேலையைப் பாருங்க." 9:15-க்குள் அந்த மெயில் வராவிட்டால் எனக்கு போன் பண்ண வேண்டும், கைபேசியிலிருந்து. அதற்குமுன் மேஜை போனின் விளக்கைப் பார்த்து, எரிந்தால் ஸ்டார் 97 அழுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விதி.

அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் போகும்போது ரௌட்டரின் வயரைப் பிடுங்கிவிடுவேன். வெளியிலிருந்து கூப்பிட்டு ஒரு தகவல் விடுவேன். விளக்கு எரிகிறதா? வயரைச் செருகிய பிறகு மெயில் வந்து சேருகிறதா? நட்சத்திரம் இட்டால் விளக்கு அணைகிறதா? மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவேன்.

தை மாதத்தில் ஒரு நாள் 9:20-க்கு அந்த அம்மா கூப்பிட்டார். "சார், இன்னிக்கு என் குரல் வரல." தெருமுனையில் எதற்கோ பள்ளம் தோண்டியதில் ஃபைபர் அறுந்திருந்தது. மேஜையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்தின ராத்திரி வந்த மூன்று தகவல்களை அவர் ஏற்கெனவே போனில் கேட்டு, நோட்டில் எழுதி, ஜீரோ கேட்டில் நிற்பவருக்குச் சொல்லிவிட்டிருந்தார்.